எஸ்.பி.முத்துராமன் படங்களும் நம்ம ஊரும்: உங்கள் அனுபவம்

கானாடுகாத்தான்காரன்:
போன மாசம் நடந்தது, இன்னும் மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது. எங்கள் வீட்டை ஷூட்டிங்குக்குப் பார்க்க ஒரு உதவி இயக்குநர் வந்திருந்தார். சின்னப் பையன், மரியாதையாகத்தான் பேசினார். முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாம் கட்டு எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துவிட்டுக் காபி குடிக்க உட்கார்ந்தார். அப்பச்சி பேச்சுவாக்கில், "எஸ்.பி.முத்துராமன் காரைக்குடிக்காரர்தான், தெரியுமா தம்பி?" என்றார். "ரஜினிக்கு மசாலாப் படமா எடுத்துக்கிட்டிருந்தவர்தானே சார்?" என்று கேட்டுவிட்டார் பையன். அப்பச்சி டம்ளரைக் கீழே வைத்தார். "புவனா ஒரு கேள்விக்குறி பார்த்திருக்கியளா?" பார்க்கவில்லையாம். அதற்கப்புறம் அப்பச்சி வாயே திறக்கவில்லை.

1977-ல் வந்த படம் அது. ரஜினி என்றால் வில்லன் என்றிருந்த நேரம். நல்லவராகவே பார்த்துப் பழகிய சிவகுமாரை ஒரு பெண்ணை ஏமாற்றுகிறவராகவும், ரஜினியை அவளுக்குத் துணை நிற்கிறவராகவும் மாற்றிப் போட்டார் எஸ்.பி.எம். ஜனங்கள் ஏற்கவில்லை என்றால் இரண்டு நடிகர்களுக்கும் அடி, தனக்கும் அடி. சினிமாவில் இருக்கிற பிள்ளைகளே இதைத் தெரிந்துகொள்ளவில்லை என்றால் எப்படி? உங்களில் யாருக்காவது அவர் படம் ஒன்று நெஞ்சில் நின்றிருந்தால் எழுதுங்கள்.

பள்ளத்தூர் மருமகள்:
எங்களுக்கு ஆறிலிருந்து அறுபது வரை. கதை எல்லாருக்கும் தெரியும், சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பெரிய மாமனார்தான் தலைப்பிள்ளை. தம்பி தங்கைகளைப் படிக்கவைத்து, கட்டிக்கொடுத்து, கடைசியில் தனக்கென்று ஒன்றும் சேர்க்காதவர். முன்னோருக்குப் படையல் போடுகிற ஒரு படைப்புக்கு எல்லாரும் கூடியிருந்தபோது டிவியில் இந்தப் படம் ஓடியது. தலைப்பிள்ளை சந்தானமாக வருகிற ரஜினியை, அவர் ஆளாக்கிவிட்ட கூடப்பிறந்தவர்களே மதிக்காமல் நடத்துகிற இடம் வந்தது. சென்னையில் பெரிய வேலையில் இருக்கும் சின்ன மாமனார் சட்டென்று எழுந்து வெளியே போகப் பார்த்தார். பெரியவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "உக்காரப்பா, படம்தானே" என்றார். அவரும் உட்கார்ந்துவிட்டார். படம் முடிகிற வரைக்கும் அந்த வளவில் ஒருத்தர்கூடப் பேசவில்லை. அந்தக் குரலில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

மஞ்சுவிரட்டு மாப்பிள்ளை:
கானாடுகாத்தான்காரரே, உங்கள் அப்பச்சி மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மசாலா என்றதும் நீங்கள் ஏன் புவனாவைக் கொண்டுவந்து சமாதானம் சொல்கிறீர்கள்? முரட்டுக்காளைக்கு என்ன குறை? என் மாமா சிராவயல் மஞ்சுவிரட்டில் மாடு பிடித்தவர். படத்தில் காளை வெளியே வந்ததும் சீட்டைவிட்டு எழுந்துவிட்டார். பின்னாலிருந்து சத்தம் போட்டார்கள், அவர் காதில் விழவே இல்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, காலை அகட்டி, திமிலில் பாயப் போகிறவர் மாதிரியே நின்றார். தியேட்டருக்குள் ஒரு மனுஷனை அப்படி நிற்கவைப்பது சாதாரண வேலையா?

இன்னொன்று. 1982 ஆகஸ்ட் 14, ஒரே நாளில் எஸ்.பி.எம்-முக்கு இரண்டு படம். ஒன்று சகலகலா வல்லவன், இன்னொன்று எங்கேயோ கேட்ட குரல். ஒன்றில் கமல் ஆட்டமும் பாட்டுமாக அமர்க்களம் பண்ணுகிறார். இன்னொன்றில் ரஜினி மனைவி விட்டுவிட்டுப் போன கணவனாக அடங்கி நடிக்கிறார். இரண்டையும் எடுத்தவர் ஒரே ஆள். மசாலா என்பதற்கு வெட்கப்பட வேண்டியதே இல்லை.

முகப்பு வீடு:
நான் படத்தைப் பற்றிச் சொல்ல வரவில்லை. கானாடுகாத்தான்காரர் வீட்டை ஷூட்டிங்குக்குக் கொடுக்கப்போகிறார் போலத் தெரிகிறது, அதனால் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஒரு கம்பெனி வந்து எடுத்துவிட்டுப் போனது. டிராலி ஓட்டத் தண்டவாளம் போட்டதில் வளவுத் தரையில் நீளமாக ஒரு கீறல். ஆத்தங்குடிக் கல், ஐயா காலத்தில் போட்டது. இன்றைக்கும் அந்த இடத்தைத் தாண்டித்தான் நடக்கிறேன்.

எதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முன்பணம் தனி, சேதத்துக்குப் பிடித்துவைக்கிற பணம் தனி. தண்டவாளம் வந்தால் கீழே கனமான கோரைப்பாய், அதற்கு மேல் பலகை. தேக்குத் தூணில் ஆணி கூடாது, டேப்பும் கூடாது, பிரிக்கும்போது பாலிஷோடு வந்துவிடும். சுண்ணாம்புப் பூச்சுச் சுவர் பக்கத்தில் பெரிய லைட்டை வைக்க விடாதீர்கள். ஜெனரேட்டர் தெருவில் நிற்கட்டும், உள்ளே புகையடிக்கும். சாமி அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் தரையை ஆசிட் ஊற்றிக் கழுவுகிறேன் என்பார்கள், விடவே விடாதீர்கள். ஆத்தங்குடிக் கல்லில் நிறம் மேலாக நிற்கிற ஒரு அடுக்குதான், ஆசிட் பட்டால் போச்சு. தண்ணீர் விட்டுத் துடைத்து, காய்ந்ததும் லேசாகத் தேங்காயெண்ணெய் தடவினால் போதும். வருகிறவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம், ஆனால் வெளிச்சம் போவதற்குள் எடுக்கணும் என்ற அவசரத்தில் தரை யார் கண்ணுக்கும் தெரியாது.

தேவகோட்டை ரஸ்தா:
யாரும் ஏவி.எம். பக்கம் போகவில்லையே. அந்த ஸ்டுடியோ முதலில் இருந்தது நம்ம காரைக்குடியில். 1947-ல் வந்த நாம் இருவர் இங்கே கொட்டகை போட்டு எடுத்த படம். சின்ன வயதில் அப்பத்தாவோடு தேவகோட்டை ரோட்டில் பஸ்ஸில் போகும்போது, என் முகத்தைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பி, "இங்கனதான்டா படம் பிடிச்சாக, குமாரி கமலா ஆடுச்சு" என்றார். நான் பார்த்தது வெறும் வேலிக்கருவை. அப்பத்தா முகத்தில் இருந்த பெருமை மட்டும் அப்படியே நினைவிருக்கிறது.

ஸ்டுடியோ 1948-ல் சென்னைக்குப் போய்விட்டது. எஸ்.பி.எம். 1935-ல் பிறந்தவர், அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். பிறகு அதே ஏவி.எம்-மில் எடிட்டிங்கில் பழகுநராகச் சேர்ந்து, உதவி இயக்குநராகப் பல காலம் உழைத்து, கனிமுத்து பாப்பாவை இயக்கியது 1972-ல். முதல் படத்துக்கு 37 வயது. எடுபிடி வேலை செய்கிற பெட்டியடிப் பையனாகக் கடைக்குப் போய், அடுத்தாளாகி, கடையையே நடத்துகிற மேலாளாகிற நம்ம ஊர்க் கணக்கு மாதிரிதான் அவர் வாழ்க்கையும். மசாலாவா இல்லையா என்று இங்கே சண்டை போடுகிறவர்கள் அந்த வருஷங்களையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பிலிம் துண்டை கையில் பிடித்துப் பழகியதால்தான் எது வேண்டும், எது வேண்டாம் என்று செட்டிலேயே தெரிந்து எடுத்தார் என்பது என் எண்ணம்.

மஞ்சுவிரட்டு மாப்பிள்ளை:
ரஸ்தா அண்ணே, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் காத்திருந்ததை மட்டும் சொன்னால் பாதிதான். மேலாளானதும் கூட வந்தவர்களைக் கைவிடவில்லை பாருங்கள். எடிட்டிங் விட்டல், கேமரா பாபு, எழுத்துக்குப் பஞ்சு அருணாசலம். கண்ணதாசனின் அண்ணன் மகன், அவரும் நம்ம பக்கத்துக்காரர். ரஜினியை வைத்து மட்டும் 25 படம். அந்தக் கணக்கில் பாதிப் புகழ் இவர்களுக்கும் போகணும்.