ஒளி ஊடுருவும் மரம்: ப்ளீச் செய்ததும் பால்சா துவண்டுபோகிறது, எங்கே தப்பு?

பால்சா_பையன்:
கல்லூரி ப்ராஜெக்டுக்காக, மரத்தை வெளுத்து உள்ளே தெளிவான பிசின் ஏற்றி, ஒளி ஊடுருவும் மரம் செய்து பார்க்கிறோம். பால்சா என்ற லேசான மரம், 1 மி.மீ. தடிமன். சோடியம் குளோரைட்டும் அசெட்டிக் அமிலமும் கலந்து 80 டிகிரியில் வைத்த துண்டு முட்டை ஓடு மாதிரி வெளுத்துவிட்டது, ஆனால் இடுக்கியால் தூக்கினால் நனைந்த அப்பளம் போலத் தொங்குகிறது, ஒன்று நார் நாராகப் பிரிந்தே போனது. ஹைட்ரஜன் பெராக்சைடில் போட்டது கெட்டியாக இருக்கிறது, லேசாக மஞ்சள் மட்டும் போகவில்லை. எதைத் தொடரலாம்? இன்னொன்று, இரண்டிலுமே எபாக்சி பிசின் ஏற்றிய பிறகு பால் மாதிரி மங்கல் திட்டுகள்.

நார்க்கட்டு:
தம்பி, துவளத்தான் செய்யும். மரத்தின் செல்களை ஒட்டி வைத்திருக்கும் பசையே லிக்னின்தான், பால்சாவில் அது எடையில் கிட்டத்தட்ட கால் பங்கு. குளோரைட் அதைக் கரைத்து 3 சதவீதத்துக்கும் கீழே கொண்டுபோய்விடும். பசை போனால் நாருக்கு என்ன பிடிப்பு? காரம் கலந்த பெராக்சைடு பசையை விட்டுவிட்டு, அதில் நிறம் தரும் பகுதிகளை மட்டும் உடைக்கிறது. ஸ்டாக்ஹோமின் கேடிஹெச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் லார்ஸ் பெர்க்லுண்ட் குழு 2017இல் காட்டியது இதைத்தான்: லிக்னினில் 80 சதவீதம் வரை அப்படியே இருந்தும் மரம் வெளுத்தது, ஈரத்திலும் உறுதியாக நின்றது. பெராக்சைடுக்கே என் ஓட்டு. சோடியம் சிலிகேட் சேர்த்து 70 டிகிரி போதும், ஆனால் மூடியை இறுக்காதீர்கள், வாயு சேர்ந்து பாத்திரம் வெடிக்கும். அப்புறம் அந்தக் குளோரைட்டில் அமிலம் பட்டால் குளோரின் டைஆக்சைடு என்ற நச்சு வாயு வரும், அதை உறிஞ்சி வெளியேற்றும் புகைக்கூண்டு இல்லாமல் செய்திருந்தால் தயவுசெய்து நிறுத்துங்கள்.

தச்சுப்பட்டறை:
மங்கலுக்கு வருகிறேன். ப்ளீச் முடிந்ததும் துண்டைக் காய வைத்தீர்களா?

பால்சா_பையன்:
ஆமாம் அண்ணா, ஓவனில் ஒரு ராத்திரி.

தச்சுப்பட்டறை:
அங்கேதான் கெட்டது. பஜ்ஜி வைத்த பேப்பரில் எண்ணெய் பட்ட இடம் மட்டும் தெளிவாகத் தெரியும் இல்லையா, அதே கதைதான் இதுவும். மர நாரின் முக்கியப் பொருளான செல்லுலோஸின் ஒளிவிலகல் எண் (ஒளியை வளைக்கும் அளவு) சுமார் 1.53, எபாக்சி அதற்குப் பக்கத்தில், காற்று 1. எண்கள் நெருங்கி இருந்தால் ஒளி அவ்வளவாகச் சிதறாது, விலகி இருந்தால் சிதறும். ப்ளீச் உண்டாக்கிய நுண்துளைகள் காய்ந்தால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும், பிசின் உள்ளே போகாது, எங்கெல்லாம் காற்று மிஞ்சுகிறதோ அங்கெல்லாம் ஒளி சிதறும். காய விடாமல் ஈரத்தோடு எத்தனாலுக்கு மாற்றுங்கள், இரண்டு மூன்று தடவை எத்தனாலையும் மாற்றுங்கள், பிறகு பிசினில் முக்கி வெற்றிடத்தில் வையுங்கள். குமிழ் வருவது நிற்கும்வரை பொறுமை வேண்டும்.

வெயில்_நண்பன்:
ரிப்போர்ட்டில் 'ஜன்னல் கண்ணாடிக்கு மாற்று' என்று எழுதுவதற்கு முன் ஒரு நிமிடம். லிக்னினை மிச்சம் வைத்தால் புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு மறுபடி மஞ்சளாகும். கேடிஹெச் 2016இல் செய்த 1.2 மி.மீ. பலகையே 85 சதவீதம் ஒளியை விட்டது, ஆனால் மங்கல், அதாவது ஊடுருவிய ஒளியில் சிதறிப்போகும் பங்கு, 71 சதவீதம். கீழே ஒட்டி வைத்த எழுத்தைப் படிக்கலாம், எதிர்வீட்டு ஆளை அடையாளம் தெரியாது. வெளிச்சம் வேண்டும், உள்ளே தெரியக்கூடாது என்கிற குளியலறைக்கு அருமை!

பால்சா_பையன்:
சரி, புது பெராக்சைடு துண்டு எத்தனாலில் போட்டாச்சு. குளோரைட் பாட்டிலை லேப் அண்ணன் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.