புதுப்பிப்பு: இறுகிப்போன முன் பிரேக்கின் காரணம் கிடைத்துவிட்டது

வருஷக்கணக்கில் ஓடாமல் நின்ற பழைய பைக்கின் முன் டிஸ்க் பிரேக், லீவரை விட்ட பிறகும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். பலரும் காலிப்பரை, அதாவது சக்கரத்தின் பக்கம் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகத்தை, சந்தேகப்பட்டீர்கள். அதையும் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. ஆனால் முக்கியக் கோளாறு மேலே இருந்தது.

லீவரை அழுத்தும்போது பிரேக் திரவத்தைத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். அதன் திரவத் தொட்டியின் அடியில் இரண்டு துளைகள் உண்டு. பெரியது பளிச்சென்று தெரியும். சின்னது ஊசிமுனை அளவுதான். பழுப்பு நிறப் பிசின் அதை முழுசாக மூடியிருந்தது. லீவரை விட்டதும் மிச்ச அழுத்தம் தணிவது அந்தத் துளை வழியாகத்தான். அது அடைத்தால் பிரேக் விடாது. பிஸ்டனையும் ரப்பர் சீல்களையும் கழற்றிவிட்டு, கிட்டார் கம்பியின் மெல்லிய இழையை மெதுவாக விட்டுத் திருகினேன். பிசின் துணுக்குத் துணுக்காக உதிர்ந்து, அப்புறம் துளையில் வெளிச்சம் தெரிந்தது.

பிரேக் திரவம் போகும் பழைய ரப்பர் ஹோஸைக் கழுவிப் போடலாமா என்று கேட்டவர்களுக்கு: வேண்டவே வேண்டாம். உள்சுவர் வீங்கியிருந்தால் வெளியே தெரியாது. ஹோஸ், செம்பு வாஷர், சீல் எல்லாம் புதிது போட்டேன். பெட்ரோலில் கழுவினாலும் சீல் ஊதிப்போகும், கவனம்.

டாட் 4 பிரேக் திரவம் ஊற்றி, உள்ளே சிக்கிய காற்றை எடுத்தபின் சக்கரம் தாராளமாகச் சுற்றுகிறது. லீவர் மட்டும் இன்னும் கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது; உள்ளே காற்று மிச்சம் இருக்கலாம். மறுபடி காற்று எடுக்கும்வரை வண்டியை வெளியே எடுக்கப்போவதில்லை.