அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன்: அட்மிட் ஆவதற்கு முன் எதையெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டும்?

குடந்தையான்:
அம்மாவுக்கு 63 வயது. வருகிற வியாழன் காலை 8 மணிக்குத் திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியாகச் செய்யும் ஆபரேஷன்). சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், டாபாக்ளிஃப்லோசின். பிரஷருக்கு டெல்மிசார்டான். அதோடு தினம் ஒரு ஆஸ்பிரின் 75. மருத்துவக் காப்பீட்டு பாலிசி 3 லட்சம், கேஷ்லெஸ் (கம்பெனியே ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டும் வசதி) உண்டு. "முதல் நாள் சாயங்காலம் வந்து படுத்தால் போதும், எந்த ரூம் வேண்டும்?" என்று கேட்டதோடு சரி, மாத்திரைகளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தியேட்டர் பக்கம்:
ரூம் கிடக்கட்டும், முதலில் மயக்க மருந்து டாக்டரைப் பார்க்க நேரம் வாங்குங்கள். முதல் நாள் சாயங்காலம் பார்த்தால் உங்கள் விஷயத்தில் காலம் கடந்துவிடும். காரணம் அந்த டாபாக்ளிஃப்லோசின். அதை ஆபரேஷனுக்குக் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். வியாழன் என்றால் கடைசி மாத்திரை ஞாயிறு. சாப்பிடாமல் இருக்கும்போது இந்த மருந்து உடம்பில் இருந்தால் இரத்தத்தில் கீட்டோன் ஏறி அமிலத்தன்மை கூடும். இதில் வில்லங்கம் என்னவென்றால், குளுக்கோமீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறாமல் 160, 180 என்றுதான் காட்டும். வாந்தியும் மூச்சிரைப்பும் வந்தால் மயக்க மருந்தின் வேலை என்று நினைத்து விட்டுவிடுவார்கள்.

மெட்ஃபார்மினும் டாபாவும் ஒரே மாத்திரையாகவும் வருகிறது. அப்படியென்றால் நிறுத்தும்போது இரண்டுமே நின்றுபோகும். அந்த 3 நாளைக்கு மாற்று என்ன என்று சர்க்கரை டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். டாக்டரைப் பார்க்கப் போகும்போது மாத்திரைப் பெயரை வாயால் சொல்லாமல் அட்டையையே கொண்டுபோங்கள்.

மற்றவை: மெட்ஃபார்மின் ஆபரேஷன் அன்று காலை வேண்டாம். டெல்மிசார்டானையும் அன்று காலை பலர் நிறுத்தச் சொல்வார்கள், மயக்கம் கொடுத்ததும் பிரஷர் சட்டென்று இறங்கும் என்பதால். ஆனால் "பிரஷர் மாத்திரை எல்லாமே வேண்டாம்" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அட்டெனலால், மெட்டோபிரலால் சாப்பிடுகிறவர்கள் அன்றும் ஒரு வாய் தண்ணீரோடு போட வேண்டும். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தவே கூடாது. அம்மாவுக்கு இதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் (அடைப்பை விரிக்கும் குழல்) வைத்திருக்கிறதா? இருந்தால் இதய டாக்டரிடம் கடிதம் வாங்காமல் நகராதீர்கள்.

வயிறு காலி: திட உணவு 6 மணி நேரம் முன்பு வரை, வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை. பால் கலந்த காபி, டீ இரண்டும் உணவுக் கணக்குதான். 8 மணிக்கு ஆபரேஷன் என்றால் இராத்திரிச் சாப்பாட்டோடு சரி, தண்ணீர் காலை 6 வரை. "அரை டம்ளர் காபிதானே" என்று 5 மணிக்குக் கொடுத்துவிட்டால் கேஸ் தள்ளிப்போகும். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது, அதற்குத்தான் இவ்வளவு கெடுபிடி. சர்க்கரைக்காரர் என்பதால் லிஸ்டில் முதல் கேஸாகப் போடச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால் பெரும்பாலும் செய்வார்கள்.

நகை ஒன்றும் உடம்பில் இருக்கக் கூடாது. தையல் போடுமுன் இரத்தக் குழாயைச் சுட்டு அடைக்க மின்சாரக் கருவி பயன்படுத்துவார்கள், உலோகம் பட்ட இடம் சுட வாய்ப்புண்டு. தாலியை மஞ்சள் கயிற்றில் மாற்றிப் போட்டாலும் அதில் உலோகம் இருக்குமே, அதை என்ன செய்வது என்று தியேட்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். பல வருஷமாகக் கழற்றாத மூக்குத்தியின் திருகு ஆஸ்பத்திரியில் வராது. முன்கூட்டியே ஆசாரியிடம் போய்க் கழற்றிவிடுங்கள். நகத்தில் மருதாணி, பாலிஷ் வேண்டாம், விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கிளிப் சரியாகப் படிக்காமல் போகலாம். வயிற்றில் முடியை வீட்டில் பிளேடால் மழிக்காதீர்கள், கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியே கிருமி ஏறும்.

பில்லிங் கவுண்டர்:
ரூமை விட்டுவிட முடியாது ஐயா, பணம் போகிற ஓட்டையே அதுதான். 3 லட்சம் பாலிசியில் ரூம் வாடகை 1 சதவீதம் என்று வரம்பு இருந்தால் நாளைக்கு 3,000. நீங்கள் 6,000 ரூம் எடுத்தால் வித்தியாசம் 3,000 மட்டும் என்று நினைப்பீர்கள். டாக்டர் ஃபீஸ், தியேட்டர், நர்சிங் எல்லாம் சேர்ந்து 60,000 என்றால் அதே விகிதத்தில் அதிலும் பாதியை வெட்டுவார்கள். மருந்து, ஸ்கேன் மாதிரி பரிசோதனை, உடம்புக்குள் வைக்கும் பொருள் இவற்றில் இந்த வெட்டு கூடாது. எந்த ரூம் எடுத்தாலும் ஒரே கட்டணம் வாங்கும் ஆஸ்பத்திரி என்றாலும் கூடாது. வெட்டியிருந்தால் சண்டை போடலாம்.

பித்தப்பைக் கல்லுக்குப் பல பாலிசிகளில் 2 வருடக் காத்திருப்பு இருக்கும், பாலிசி தொடங்கிய தேதியைப் பாருங்கள். அட்மிஷன் அன்று டியூட்டி டாக்டர் "எவ்வளவு நாளாக?" என்று கேட்பார். "ரொம்ப வருஷமா" என்று பேச்சுவாக்கில் சொன்னால் அதுவே கேஸ் ஷீட்டில் ஏறி, பழைய நோயை மறைத்ததாகக் கேள்வி வரும். பொய் சொல்லச் சொல்லவில்லை. முதல் வலி எந்த மாதம், ஸ்கேன் எந்தத் தேதி, சர்க்கரை எந்த வருஷத்திலிருந்து என்று ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்திருங்கள், வீட்டில் யாரிடம் கேட்டாலும் பதில் ஒன்றாக இருக்கட்டும்.

2024-இல் வந்த ஐ.ஆர்.டி.ஏ.ஐ (காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி, கேஷ்லெஸ் முன் அனுமதிக்கு 1 மணி நேரம், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு 3 மணி நேரம். ஆனால் அந்த 3 மணி நேரம், பில் காப்பீட்டுக் கம்பெனிக்குப் போன பிறகுதான் ஓடத் தொடங்கும். 10 மணி ரவுண்ட்ஸில் "வீட்டுக்குப் போகலாம்" என்பார்கள், டிஸ்சார்ஜ் சம்மரி டைப் ஆகி, மிச்ச மருந்து பார்மசிக்குத் திரும்பி, பில் கிளம்ப மதியம் 2 மணி ஆகிவிடும். டிஸ்சார்ஜுக்கு முதல் நாளே சம்மரியைத் தயார் செய்யச் சொல்லுங்கள். கையுறை, டயபர், துணைக்கு இருப்பவர் சாப்பாடு எல்லாம் உங்கள் கைக்காசு.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000-க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தையும் பாருங்கள், ஆனால் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில் மட்டும்தான் செல்லும்.

வார்டு சிஸ்டர்:
வார்டில் அதிகம் நடக்கும் தப்பு இது: சிஸ்டர் வேளைக்கு மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார், "காலை மாத்திரை போடலையே" என்று பையிலிருந்து இன்னொன்றை எடுத்துப் பிள்ளைகள் கொடுப்பார்கள். சர்க்கரை மாத்திரை இப்படி இரண்டு தடவை போனால், சில மாத்திரைகளில் சர்க்கரை ரொம்ப இறங்கி வியர்த்து மயங்கிவிடலாம். கொண்டுவந்ததை எல்லாம் ஒப்படைத்துவிடுங்கள்.

கையில் கட்டும் பட்டையில் பெயர், வயதைச் சரிபாருங்கள். ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் கேஸ் ஷீட்டில் சிவப்பில் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஊசிக்கும் பெயர் கேட்டால் எரிச்சல்படாமல் அம்மாவே பதில் சொல்லட்டும். டிரிப் ஏறும் ஊசி பக்கம் வலி, சிவப்பு, வீக்கம் எது வந்தாலும் டியூட்டி மாறும்வரை பொறுக்காமல் உடனே சொல்லுங்கள். டிரிப்பின் உருளையை மட்டும் நீங்கள் திருகாதீர்கள்.

அன்று சாயங்காலமே நடக்கவைப்பார்கள், "பாவம், படுக்கட்டும்" என்று தடுக்காதீர்கள். அசையாமல் கிடந்தால் காலில் இரத்தம் உறையும். எழும்போது கட்டிலோரம் காலைத் தொங்கவிட்டு 2, 3 நிமிஷம் உட்கார்ந்து, தலை சுற்றவில்லை என்றால் மட்டும் நிற்க வேண்டும். தோள்பட்டை வலிக்கிறது என்பார், பயப்படாதீர்கள். வயிற்றை உப்பவைக்கச் செலுத்திய வாயுவின் வேலை, ஓரிரு நாளில் போய்விடும். நெஞ்சு வலியோடு வந்தால் அது வேறு, உடனே கூப்பிடுங்கள்.

குடந்தையான்:
நன்றி சிஸ்டர், எல்லாருக்கும். ஸ்டென்ட் இல்லை. டாபாவைத் திரும்ப எப்போது தொடங்குவது? டிஸ்சார்ஜோடு வேலை முடிந்துவிடுமா?

தியேட்டர் பக்கம்:
வழக்கம்போல் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான், அதுவும் டாக்டர் சொன்ன நாளில். கஞ்சியும் இட்லியும் பாதி பாதி இறங்குகிற நாட்களில் வேண்டாம்.

டிஸ்சார்ஜோடு முடியாது. எடுத்த பித்தப்பை பயாப்சிக்குப் போகும், ரிப்போர்ட் வர ஒரு வாரம் வரை ஆகலாம். அதை வாங்காமலே விட்டுவிடுகிறவர்கள் நிறைய. அபூர்வமாக அதில் புற்றுநோய் தெரிந்தால் அடுத்த சிகிச்சையே மாறும். எந்தத் தேதியில், எந்தக் கவுண்டரில் என்று சம்மரியிலேயே எழுதி வாங்குங்கள். வீட்டில் கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்தாலோ, 100.4-க்கு மேல் காய்ச்சல் வந்தாலோ, வயிற்று வலி குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ அடுத்த ரிவ்யூ தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே கிளம்புங்கள்.