கர்ப்பப்பைக் கட்டியோடு குழந்தை பெற்றவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

என் தங்கைக்கு இது 24வது வாரம், முதல் பிள்ளை. ஃபைப்ராய்டு (கர்ப்பப்பைத் தசையில் வளரும், புற்றுநோய் அல்லாத கட்டி) இருப்பது கல்யாணத்துக்கு முன்பே தெரியும், மாதவிடாயில் உதிரப்போக்கு அதிகம் என்பதைத் தவிர வேறு தொல்லை இல்லாததால் டாக்டரும் விட்டுவிடலாம் என்றார். இப்போது ஸ்கேனில் 7 செ.மீ., அதுவும் நஞ்சுக்கொடி கட்டிக்கு மேலேயே ஒட்டியிருக்கிறதாம்.

போன வாரம் அடிவயிற்றில் ஒரே இடத்தில் தாங்க முடியாத வலி. கட்டிக்கு ரத்த ஓட்டம் போதாமல் உள்ளே சிதைவதால் வருகிற வலி, பாராசிட்டமாலும் ஓய்வும் போதும் என்றார்கள். 20 வாரத்துக்கு மேல் இப்யூபுரூஃபன் மாதிரி மாத்திரைகளை நாமாக வாங்கிப் போடக் கூடாதாம், குழந்தையின் சிறுநீரகம் பாதித்துப் பனிக்குட நீர் குறையலாமாம். (எங்கள் தெரு மெடிக்கல் ஷாப்காரருக்கு இதை யாராவது சொன்னால் தேவலை.)

பெரும்பாலானவர்களுக்குச் சிக்கலில்லாமல் பிரசவம் ஆகிவிடும் என்பது புரிகிறது. ஆனாலும் குறைமாதப் பிரசவம், குழந்தையின் தலை கீழே திரும்பாமல் இருப்பது, சிசேரியன், பிரசவத்துக்குப் பின் அதிக ரத்தப்போக்கு இதற்கெல்லாம் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல் என்கிறார்கள். அதனால் ரத்த வங்கியும் பச்சிளம் குழந்தைகளுக்கான ஐசியுவும் உள்ள ஆஸ்பத்திரிக்கு இப்போதே மாறிவிடலாம் என்பது என் கட்சி, அவள் மாமியாரோ பக்கத்திலுள்ள நர்சிங் ஹோமே போதும் என்கிறார்.

இதே நிலையில் இருந்தவர்கள் சொல்லுங்கள், எத்தனையாவது வாரத்தில் பிரசவம் ஆனது, குழந்தையின் எடை எப்படி இருந்தது, அப்புறம் கட்டி தானாகச் சுருங்கியதா? நாட்டு மருந்து யோசனை மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.