புதுப்பிப்பு: காம்பிரா சுவரில் பூஞ்சணம், மகளுக்கு இழுப்பு
இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் எங்கள் லயக் காம்பிராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்) சுவரெல்லாம் பூஞ்சணம், மகளுக்கு இரவில் மூச்சு இழுப்பு, பெயிண்ட் அடித்தால் போதுமா என்று கேட்டிருந்தேன். அடிக்கவில்லை. ஈரம் நிற்காமல் பெயிண்ட் அடித்தால் பூஞ்சணம் திரும்பவும் வரும். கூரைத் தகரத்தின் ஆணி ஓட்டைகள்தான் ஒழுக்குக்குக் காரணம். முதலில் அவற்றை அடைத்தோம். கட்டிலை நகர்த்தினால், சுவரோரம் இருந்த மெத்தை முழுக்கப் பச்சைப் புள்ளி, தொட்டால் மாவு மாதிரி ஒட்டியது. தூக்கி எறிந்தாயிற்று. சுவரைச் சவர்க்காரத் தண்ணீரால் ஈரமாகவே துடையுங்கள். காய்ந்ததைச் சுரண்டினால் வித்துகள் பறந்து பிள்ளைகளின் மூச்சில்தான் போகும். ஈரவீடு ஆஸ்துமாவைக் கூட்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2009இலேயே சொல்லிவிட்டது. மகளுக்கு இழுப்பு குறைந்திருக்கிறது, ஆனால் டாக்டர் இன்ஹேலரை நிறுத்தவில்லை. சரி, அடுத்தது கூரை. மழைக்கு முன்னே மாற்றித் தரச் சொல்லி லயத்தார் எல்லோரும் சேர்ந்து மனு கொடுத்திருக்கிறோம்.