ஆன்லைன் குறும்படப் போட்டி: நல்ல படமாக இருந்தும் ஒரு சின்னத் தவறால் வாய்ப்பை இழந்து, இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு என்ட்ரியைச் சொல்லுங்கள்

வெட்டுஒட்டு
விதி 3 நிமிடம். படம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. கடைசி ஷாட்டில் பாட்டி தாழ்ப்பாளில் கை வைக்கிறார், கதவு திறக்கப் போகிறது. அங்கே 3:00 ஆகிவிட்டது, நடுவர்கள் நிறுத்திவிட்டார்கள். கதவுக்குப் பின்னால் யார் இருந்தார் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது. மொத்த நீளம் 3:07. கூடிப்போன 7 நொடியில் 5 நொடி, போட்டிக்காரர்களே முன்னால் ஒட்டச் சொன்ன லோகோ கார்டு! மிச்சம் பெயர் போடும் கறுப்புத் திரை.

விதியில் 'டைட்டில் நீங்கலாக' என்று தெளிவாக எழுதியிருந்தால் ஒழிய எல்லாமே கணக்கில் வரும். எடிட்டிங் டைம்லைனை 2:50-இல் பூட்டிவிடுங்கள். ஏற்றிய பிறகு யூடியூப் சில சமயம் ஒரு நொடி கூட்டியும் காட்டும்.

பூம்ராட்
எனக்கு உறுத்துவது ஒரு பட்டுப்புடவை. அம்மாவும் மகளும் பேசும் ஒற்றை ஷாட், நடிப்பு அபாரம். காலர் மைக்கை முந்தானை மடிப்பில் குத்தியிருக்கிறார்கள். அம்மா மூச்சு விடும்போதெல்லாம் சரக் சரக். அந்தச் சத்தத்தின் அலைவரிசை பேச்சோடு கலந்துவிடுவதால் எந்த நாய்ஸ் ரிடக்‌ஷனும் முழுசாக எடுக்காது, எடுத்தால் குரல் தகரம் ஆகிவிடும். மைக்கை ரவிக்கையின் உள்பக்கம், மருந்துக்கடை மைக்ரோபோர் டேப்பை முக்கோணமாக மடித்து இரண்டு பக்கமும் ஒட்டி நிறுத்தியிருந்தால் போதும்.

அதே படத்தில் இரண்டாவது நிமிடத்தில் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். செல்போன் கேமரா நொடிக்கு 30 ஃபிரேம் என்று சொன்னாலும் வெளிச்சத்தைப் பொறுத்து வேகம் ஏறி இறங்கும். எடிட்டிங்கில் போடுவதற்கு முன் ஹேண்ட்பிரேக் என்கிற வீடியோ மாற்றும் மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' (மாறாத வேகம்) வைத்து மாற்றுங்கள். ரெக்கார்டர் 48 கிலோஹெர்ட்ஸில் இருக்கட்டும். ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் முடிவிலும் கிளாப் அடிக்க வேண்டும். முடிவில் அடித்தால்தான் எவ்வளவு விலகியிருக்கிறது என்று தெரியும். மிக்ஸின் சராசரிச் சத்தம் -14 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு), உச்சம் -1 டிபி. யூடியூப் சத்தம் கூடினால் குறைக்கும், குறைந்தால் கூட்டாது.

மூன்றாம்வரிசை
வெட்டுஒட்டு, 7 நொடிக்காக நடுவர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை. மற்ற எல்லோரும் அதே 3 நிமிடத்துக்குள் வெட்டித்தானே அனுப்பினார்கள்?

பூம்ராட் சொல்வது அத்தனையும் சரி, ஆனால் 'அதிக லைக்' வாங்கினால் பரிசு என்கிற போட்டியில் அது எதுவும் எடுபடாது. அங்கே ஜெயிப்பது பெரிய கல்லூரி வாட்ஸ்அப் குரூப். விதியில் நடுவர் மதிப்பெண் எத்தனை சதவீதம் என்று இல்லையென்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பரிசை மட்டும் பார்ப்பதும் தப்பு. டேவிட் எஃப். சாண்ட்பெர்க் 2013-இல் பிளடி கட்ஸ் என்கிற திகில் குறும்படக் குழு நடத்திய ஆன்லைன் திகில் போட்டிக்கு 'லைட்ஸ் அவுட்' எடுத்தார். 3 நிமிடத்துக்கும் குறைவு. சொந்த வீடு, நடித்தவர் மனைவி. விளக்கை அணைத்தால் உருவம் தெரியும், போட்டால் இருக்காது. கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் வைத்து எடுத்த துண்டுகளை ஒட்டிய எளிய வேலைதான். கிடைத்தது சிறந்த இயக்குநர் பரிசு. அடுத்த வருடம் இணையத்தில் பரவி, 2016-இல் திகில் பட இயக்குநர் ஜேம்ஸ் வான் தயாரிப்பில் சாண்ட்பெர்க்கே அதை முழுநீளப் படமாக இயக்கினார்.

டீக்கடைசீன்
யாரும் கேட்கவில்லைதான், ஆனாலும் உரிமை பற்றி ஒருவராவது சொல்ல வேண்டும்.

நான் பார்த்தது டீக்கடையில் இருவர் பேசும் காட்சி. பின்னால் ரேடியோவில் சினிமாப் பாட்டு 20 நொடி. ஏற்றிய கொஞ்ச நேரத்தில், உரிமையுள்ள பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி பிடித்தது, விதிப்படி 'உரிமைக் கோரல் உள்ள படங்கள் ஏற்கப்படா'. படம் வெளியே. வசனம் பாட்டின் மேலேயே பதிவானதால் பிரிக்கவும் முடியவில்லை. கடைக்காரரிடம் சொல்லி ரேடியோவை நிறுத்துங்கள். எல்லோரும் வாயை மூடி நிற்க, கடையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் தனியாகப் பதியுங்கள். வெட்டும் இடங்களில் அதுதான் அடியில் ஓடும். கிரியேட்டிவ் காமன்ஸ் இசை என்றால் உரிமத்தில் 'என்சி' இருக்கிறதா என்று பாருங்கள். அது வணிகப் பயன்பாட்டுக்கு இல்லை என்று பொருள். நிறுவனம் நடத்தும் போட்டிக்கு அதைத் தொடாதீர்கள்.

அடுத்தது ஒப்பந்தம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 19-இன்படி, உரிமை மாற்றத்தில் காலம் எழுதாமல் விட்டால் 5 ஆண்டு, இடம் எழுதாமல் விட்டால் இந்தியா மட்டும். ஆனால் 'என்றென்றைக்கும், உலகம் முழுதும்' என்று எழுதிவிட்டால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. போட்டிப் படிவங்களில் அந்த வரி கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும். 'போட்டியை விளம்பரப்படுத்தக் காட்டும் அனுமதி' என்றால் கையெழுத்துப் போடலாம். 'முழு உரிமையும் எங்களுக்கு' என்றால், தோற்ற படங்களுக்கும் அது பொருந்துமா என்று மெயிலில் கேட்டுப் பதில் வாங்குங்கள்.

இன்னொன்று, நம் சட்டத்தில் ஒரு படத்தின் ஆசிரியர் தயாரிப்பாளர். இயக்குநர் இல்லை! கேமரா வாடகை கொடுத்த நண்பரின் பெயரை 'தயாரிப்பாளர்' கட்டத்தில் சும்மா நிரப்பிவிடாதீர்கள். பின்னால் தகராறு வந்தால் அந்தப் படிவமே சாட்சி. இசையமைத்தவர், நடித்தவர்கள் எல்லோரிடமும் ஒரு பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வெட்டுஒட்டு
மூன்றாம்வரிசை, நடுவர்களை நான் குறை சொல்லவே இல்லை சகோ. அந்தப் பாட்டியின் கைதான் கண்ணிலேயே நிற்கிறது.

ரெண்டரிங்98
48 மணிநேரத்துக்குள் படம் எடுத்து முடிக்கும் போட்டிகளைப் பற்றி யாரும் பேசவில்லையே. 48 ஹவர் ஃபிலிம் புராஜெக்டில் வகை, பாத்திரம், ஒரு பொருள், ஒரு வசன வரி எல்லாம் அவர்கள் கொடுப்பார்கள், படம் 4 முதல் 7 நிமிடம். ஆன்லைனில் ஒப்படைக்கும் இந்த மாதிரிப் போட்டியில் ஒரு நல்ல படம் அப்லோடு 91 சதவீதத்தில் நிற்கும்போது கெடு முடிந்தது.

கணக்கு எளிது. 7 நிமிடப் படத்தை 20 எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு 20 மெகாபிட்) எக்ஸ்போர்ட் செய்தால் ஏறக்குறைய 1 ஜிபி. ஹாட்ஸ்பாட்டில் அப்லோடு வேகம் 4 எம்பிபிஎஸ் என்றால் தடங்கலே இல்லாமல் 35 நிமிடம். எக்ஸ்போர்ட் 20 நிமிடம், முழுசாக ஒருமுறை பார்க்க 7 நிமிடம். ஆக ஒரு மணிநேரத்துக்கும் மேல், தடங்கலுக்கும் இடம் விட்டு 2 மணிநேரம் முன்பே எடிட்டைப் பூட்ட வேண்டும். கலர் கரெக்‌ஷன் செய்யாத ஒரு பிரதியை அதற்கும் முன்னாலேயே ஏற்றி வைத்துவிடுங்கள். திருத்திய பிரதியை மாற்ற விதி அனுமதித்தால் மாற்றலாம், இல்லையென்றாலும் படம் போட்டியில் இருக்கும்.