கினிப்பன்றி வாங்கிய புதிது: வன்னியில் வளர்ப்பவர்களின் அனுபவங்கள்

பரந்தனில் இருந்து:

வெளிநாடு போன குடும்பம் ஒன்று தங்கள் இரண்டு கினிப்பன்றிகளையும் கூட்டோடு எங்களிடம் விட்டுவிட்டுப் போனது. இரண்டும் பெட்டை. வந்த புதிதில் மூலையை விட்டு அசையவே இல்லை. புல்லைப் போட்டாலும் நாங்கள் விறாந்தையை விட்டுப் போன பிறகுதான் தின்றன. “அம்மா, இதுகளுக்குச் சுகமில்லைப் போல” என்று மகள் அழத் தொடங்கிவிட்டாள். சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை, வெறும் பயம்தான். மற்ற மிருகங்களுக்கு இரையாகும் சாதி இது. பயந்தால் அப்படியே விறைத்து நிற்கும், இல்லாவிட்டால் ஒளிக்க இடம் தேடும். பிஸ்கட் வந்த மட்டைப் பெட்டியில் இரண்டு பக்கமும் வாசல் வெட்டிக் கவிழ்த்து வைத்தோம். ஒரே வாசல் என்றால் ஒன்று மற்றதை உள்ளே மடக்கிவிடும். மேலிருந்து கையை விட்டுத் தூக்க வேண்டாம், பருந்து என்றுதான் நினைக்கும். தரையில் உட்கார்ந்து கையில் புல்லை நீட்டுங்கள், தானாக வரும். இப்போது குசினியில் கத்தி சத்தம் கேட்டாலே “வீக் வீக்” என்று வீட்டையே கூப்பிடுகின்றன.

பயத்தை விடப் பெரிய பிரச்சினை வெயில். இணையத்தில் ஆலோசனை எழுதுபவர்களில் பாதிப் பேர் குளிர் நாட்டுக்காரர். குளிர் படாமல் மூடி வையுங்கள் என்கிறார்கள். இங்கே மூடி வைத்தால் கதை முடிந்தது. இதுகளுக்கு உகந்தது 18 முதல் 24 பாகை வரை. 30ஐத் தாண்டினாலே ஆபத்து. வைகாசி முதல் ஆவணி வரை எங்கள் மத்தியானம் 33, 34இல் நிற்கும். சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) எவ்வளவு வீசினாலும் தகரக் கூரைக்குக் கீழே அனல்தான். ஆகவே கூட்டைத் தகரத்துக்குக் கீழே வைக்கவே வேண்டாம். நாங்கள் கிடுகால் சிறு தாழ்வாரம் இறக்கி, வேப்ப மரத்தடியில் வைத்திருக்கிறோம். பதினொரு மணிக்குமேல் உள்ளே சீமெந்துத் தரைக்கு மாற்றிவிடுவோம். உறைய வைத்த தண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி ஒரு பக்கமாக வைத்தால் அதில் சாய்ந்து படுக்கும். கரண்ட் போகும் நாளுக்கென்று பக்கத்து வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலும் ஒரு போத்தல் கிடக்கிறது.

பக்கவாட்டில் சரிந்து வேகவேகமாக மூச்சு வாங்கி, வாயோரம் எச்சில் வடிந்தால் உடனே நிழலுக்கு எடுங்கள். சாதாரணக் கிணற்றுத் தண்ணீரால் காதையும் பாதத்தையும் நனைத்துவிட்டு வைத்தியரிடம் கொண்டு ஓடுங்கள். ஐஸ் தண்ணீரில் அமுக்கக் கூடாது.

வவுனியாவில் இருந்து:

அக்கா, உங்களுக்காவது இரண்டும் உண்மையிலேயே பெட்டை. எங்களுக்குக் கடையில் அடித்துச் சத்தியம் பண்ணித்தான் “இரண்டும் பெட்டை” என்று தந்தார்கள். அவற்றில் ஒரு “பெட்டை” கொஞ்ச நாளில் மற்றதைச் சுற்றிச் சுற்றி உறுமி, இடுப்பை ஆட்டி நடக்கத் தொடங்கியது. பிறகென்ன, குட்டிதான். சினைக்காலம் இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் மேல். அந்த உடம்புக்கு அது நீண்ட காலம். அதனால்தான் குட்டிகள் முடியோடும் திறந்த கண்ணோடும் பிறந்து, அடுத்த நாளே புல்லைக் கடித்துப் பார்க்கின்றன. பார்க்க வடிவு, ஆனால் கணக்குப் பண்ணிப் பாருங்கள். தாய் குட்டி போட்ட அன்றே மறுபடி சினைப்படும். கடுவன் குட்டிகளை மூன்று கிழமையில் பிரிக்காவிட்டால் தாயிடமும் சகோதரங்களிடமும் போகும்.

இன்னொன்று. ஏழெட்டு மாதம் வரை குட்டி போடாத பெட்டைக்கு இடுப்பெலும்பு இறுகிவிடும். அதற்குப் பிறகு முதல் பிரசவம் என்றால் தாயும் போகலாம், குட்டியும் போகலாம். வயது தெரியாமல் வந்த பெட்டையோடு கடுவனைச் சேர்க்கவே வேண்டாம்.

முல்லைத்தீவில் இருந்து:

என்னிடம் வந்தது நடக்கவே மறுத்தது. பின்னங்கால் முட்டியைத் தொட்டால் கத்தும், முடி சிலும்பி நிற்கும். முந்திய வீட்டில் முயல் தீனும் சோறும்தான் கொடுத்தார்களாம். மிருக வைத்தியர் ஒருவர் பார்த்த உடனேயே சொன்னார், விற்றமின் சி இல்லை என்று. மனிதரைப் போலவே கினிப்பன்றிக்கும் அதை உடம்பில் உண்டாக்க முடியாது, முயலுக்கு முடியும். முயல் தீன் போதாமல் போனது அதனால்தான். நாளொன்றுக்கு உடல் எடை கிலோவுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருப்பதால் பெருவிரல் அளவு துண்டு போதும். கூடினால் இனிப்பு வயிற்றைக் குழப்பும். கறிமிளகாயும் நல்லது, விதையை எடுத்துவிடுங்கள். தண்ணீரில் கலக்கும் சொட்டு மருந்தை நம்ப வேண்டாம், வெளிச்சத்தில் சத்துப் போய்விடும். முருங்கை இலையில் சி நிறைய உண்டு, சுண்ணாம்புச் சத்தும் நிறைய. தினம் கொடுத்தால் சிறுநீர்ப்பையில் கல் வரலாம்.

மாங்குளத்தில் இருந்து:

எல்லாரும் மரக்கறி கதைக்கிறீர்கள், முக்கியம் புல். பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், புல்லை அரைத்தால்தான் தேயும். வயல் வரம்புப் புல்லை மட்டும் வெட்டாதீர்கள், களைநாசினி அடித்திருப்பார்கள். நான் மாரி முடிந்து தை, மாசியில் வளவுப் புல்லை வெட்டி நிழலில் காயவைத்துச் சாக்கில் கட்டிவிடுவேன். சோளகக் காலத்தில் பச்சை என்று தேட எதுவும் இருக்காது. பூஞ்சணம் பிடித்த கட்டைத் தயங்காமல் எறியுங்கள்.

கூட்டுக்கு அரை அங்குல வலை அடியுங்கள். கோழி வலைக்குள்ளால் பாம்பு வரும். கீரியும் பூனையும் காலை வெளியே இழுத்துவிடும். அடியில் வலை வேண்டாம், பாதம் புண்ணாகிவிடும்.

இதைக் கட்டாயம் வாசியுங்கள். சளி பிடித்த ஒன்றுக்கு மருந்துக்கடையில் பிள்ளைகளுக்கான அமொக்சிசிலின் பாணி கொடுத்துவிட்டார்கள். அது பென்சிலின் வகை. அந்த வகையை வாயால் கொடுத்தால் குடலில் உள்ள நல்ல கிருமி செத்து, கெட்டது பெருகிக் கினிப்பன்றியே செத்துப்போகும். மச்சாளுடையது அப்படித்தான் போனது. மாட்டுக்குப் பார்க்கும் வைத்தியரானாலும் “இது கினிப்பன்றி” என்று சொல்லிக் கேளுங்கள். அரை நாள் ஒன்றும் தின்னாமல் இருந்தாலே அவசரம்தான், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக் கூடாது. கிழமைக்கு ஒருக்கால் தராசில் வைத்து எடையை எழுதி வையுங்கள். நோயை இது மறைக்கும், எடை மறைக்காது.

ஒட்டுசுட்டானில் இருந்து:

நான் ஒன்றுதான் வைத்திருக்கிறேன். மத்தியானம் ஆரும் இல்லாவிட்டால் சத்தமே போடாது. இன்னொன்று வாங்கத்தான் வேண்டுமா?

வவுனியாவில் இருந்து:

வேண்டும் தம்பி. சுவிற்சர்லாந்தில் தனியாக வைக்கச் சட்டமே விடாது, 2008இல் விதி போட்டுவிட்டார்கள். முயலைத் துணைக்கு விடலாம் என்று சிலர் சொல்வார்கள், அது சரிவராது. உதைத்துக் காயப்படுத்தும், முயலுக்கு ஒன்றும் செய்யாத கிருமி இதுக்கு நெஞ்சுச் சளியாக வரும். என்னிடம் கடுவன் குட்டிகள் நிற்கின்றன, காசு வேண்டாம். ஆனால் உங்களுடையது கடுவனா பெட்டையா என்று வடிவாகப் பார்த்துச் சொல்லுங்கள், கடைக்காரர் சொன்னதைச் சொல்ல வேண்டாம்.